ஐந்து வயதில் பள்ளியா, வீடா? தமிழ் மாதங்களை ஒட்டிய கைவேலையும் வீட்டுக்கல்வியும்

வேப்பம்பூ (கோபிசெட்டிபாளையம்), இழையைத் தொடங்கியவர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மகளுக்கு வரும் ஆவணியில் ஐந்து வயது நிறைகிறது. மகனுக்கு இரண்டரை வயது. மகளைச் சில ஆண்டுகளாவது வீட்டிலேயே வைத்துக் கற்பிக்கலாமா என்று நானும் கணவரும் பேசிக்கொண்டிருக்கிறோம். இணையத்தில் இதற்காகக் கிடைக்கும் பாடத்திட்டங்களில் பெரும்பாலானவை வால்டார்ஃப் முறையைத் தழுவியவை. 1919-ல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ருடால்ஃப் ஸ்டைனர் தொடங்கிய பள்ளியிலிருந்து வந்த வழி அது. ஏழு வயதுவரை எழுத்தைத் திணிக்காமல் கதை, பாட்டு, சமையல், தையல், தோட்டவேலை ஆகியவற்றில் குழந்தையை ஈடுபடுத்துவது எனக்கு மனத்துக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அந்த நூல்களைத் திறந்தால் செப்டம்பர் இறுதியில் இலையுதிர்காலத் திருநாளும், டிசம்பரில் பனிப்பொழிவும், கம்பளி நூலில் செய்த முயலும்தான் வருகின்றன. எங்கள் ஊரில் புரட்டாசியில் கொடிவேரி வாய்க்கால் ஓரமெல்லாம் மஞ்சள் பயிர் இலை விரித்து நிற்கிறது. தை, மாசியில் அதை வெட்டி எடுத்து வேகவைக்கும் மணம் ஊர் முழுக்க வீசுகிறது. என் மகள் அறிய வேண்டிய ஆண்டு இதுதானே?

ஆகவே, நம் மாதங்களை ஒட்டி நீங்கள் குழந்தைகளோடு செய்யும் கைவேலைகளை விரிவாக எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். எழுத்தும் எண்ணும் இதற்குள் எப்படி வந்து சேரும், ஆறு வயது நிறைந்தபின் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

பனையோலை (திருச்செந்தூர் வட்டம்)

வணக்கம் தோழி. எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகளும் எட்டு வயதுவரை வீட்டிலேயே கற்றார்கள். நாங்கள் பாடத்திட்டம் எதையும் வாங்கவில்லை. பனையைப் பின்பற்றினோம் என்றுதான் சொல்ல வேண்டும். சித்திரை, வைகாசியில் நுங்கு. தின்று முடித்த கூந்தல்களை (நுங்கு எடுத்தபின் மிஞ்சும் வெற்றுக் காய்களை) ஒரு குச்சியால் இணைத்து வண்டி செய்து உருட்டுவதற்கு நான்கு வயதுக் குழந்தைக்குக்கூடக் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை, பக்கத்தில் ஒரு கத்தி பிடிக்கும் கை இருந்தால் போதும். ஆடி, ஆவணியில் பழம் விழத் தொடங்கும். அதைச் சுட்டோ அவித்தோ தின்றபின் கொட்டைகளைத் தூக்கிப் போடாமல் சேர்த்து வைப்போம்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். வெயில் விழும் இடத்தில் மணலைப் பொலபொலவென்று கொத்தி மேடாகப் பாத்தி கட்ட வேண்டும். அதன்மேல் கொட்டைகளை நெருக்கி அடுக்கி, மேலே மண்ணைத் தூவி, வடகிழக்கு மழை பிடிக்கும்வரை தண்ணீர் தெளித்துவர வேண்டும். சில வாரங்கள் கழித்து ஒரு கொட்டையைப் பிள்ளைகளையே மெல்லத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். முளை மேல்நோக்கி வராமல் நேராகக் கீழே இறங்கியிருக்கும். விதை என்றால் பச்சை இலை மேலே வரும் என்று அவரைக்கொட்டையில் பார்த்துப் பழகிய குழந்தை இங்கே நின்று யோசிக்கும். அந்த யோசனைக்கு இடம் கொடுத்து, நாம் விளக்கத்தை உடனே அவிழ்க்காமல் இருப்பது நல்லது. கொட்டையைப் பிளந்தால் உள்ளே பஞ்சுபோல் இனிக்கும் தவுண் இருக்கும். மூன்று நான்கு மாதங்களில், பொங்கலை ஒட்டி, மண்ணுக்குள் இறங்கிய அந்த முளையே கிழங்காகத் திரண்டிருக்கும். தோண்டி, மஞ்சளும் உப்பும் சேர்த்து அவித்து, நாரை உரித்துத் தின்னலாம். தான் புதைத்ததை மாதக்கணக்கில் காத்திருந்து தின்ற பிள்ளைக்குக் காலம் என்பது என்னவென்று வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மார்கழியில் சிறுவீடு உண்டு. விடியற்காலைக் கோலத்தின் நடுவில் சாண உருண்டை பிடித்து அதில் பூசணிப்பூவைச் செருகி வைப்பதும், பிறகு அதைப் பூவோடு சேர்த்து வரட்டியாகத் தட்டிக் காயவைப்பதும் எங்கள் பக்கத்தில் சிறுமிகளின் வேலை. தைப்பொங்கலுக்குப் பிறகு அவர்கள் களிமண்ணால் முழங்கால் உயரத்தில் சுவர் எழுப்பி, தங்களுக்கென்று ஒரு வீடு கட்டி, சின்னப் பானையில் பொங்கலிட்டு, சேர்த்து வைத்த வரட்டிகளில் சூடம் ஏற்றி ஆற்றில் விடுவார்கள். என் மகனும் இதில் சேர்ந்துதான் செய்தான், சிறுமிகளுக்கு மட்டும் என்று நாங்கள் ஒதுக்கவில்லை. சுவர் ஏன் நேற்று சரிந்தது, இன்று ஏன் நிற்கிறது என்று அவர்கள் இருவரும் மணலையும் வைக்கோலையும் கூட்டிக் குறைத்துப் பார்த்த நாட்களைவிடச் செறிவான பாடம் எதையும் நான் கண்டதில்லை.

செம்மண் (திண்டிவனம்)

பனையோலை அக்கா கார்த்திகையை விட்டுவிட்டார்; எங்கள் பக்கத்தில் அதற்கு மாவலி உண்டு. ஆண் பனையின் காய்ந்த பூங்கதிர்களைக் குழியில் போட்டுக் கொளுத்தி, சாம்பலாவதற்கு முன் மண்ணால் மூடிக் கரியாக்கி, இடித்துத் தூளாக்கி, பழைய பருத்தித் துணியில் சுருட்டித் திரிபோலக் கட்ட வேண்டும். அதைப் பிளந்த பனைமட்டைக்கு நடுவே வைத்து இறுக்கி, நீளமான கயிற்றில் பிணைத்து, நுனியில் கங்கு வைத்துத் தலைக்குமேல் சுழற்றினால் பொறிகள் வட்டமாகப் பூச்சொரியும். கரி இடிப்பதும் துணி சுருட்டுவதும் சிறு குழந்தைகளுக்கு உரியவை. சுழற்றுவது பெரியவர்களுக்கும் பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கும் மட்டுமே. வைக்கோல்போர் இல்லாத திறந்தவெளியில், பருத்தி உடை அணிந்து செய்ய வேண்டும்.

இருபிள்ளை அப்பா (கோவை)

சட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எங்கள் மூத்தவன் நடுநிலைப் பள்ளி வயதிலிருந்து வீட்டில் படித்து, தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாகப் பத்தாம் வகுப்பை முடித்தவன் என்பதால் இவற்றைத் தேடிப் படிக்க வேண்டியிருந்தது. 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயதுவரை உள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் அது இலவசக் கட்டாயக் கல்வியை உரிமையாக்குகிறது. அதன் 10-ஆவது பிரிவு, குழந்தையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. அதேவேளை, சேர்க்காத பெற்றோருக்கு அந்தச் சட்டம் தண்டனை எதையும் விதிக்கவில்லை. வீட்டுக்கல்வியை ஏற்பதாக ஒரு சொல்லும் அதில் இல்லை. இந்த இடைவெளியில்தான் வீட்டுக்கல்விக் குடும்பங்கள் வாழ்ந்துவருகின்றன. முழு உரிமை உண்டு என்று அடித்துச் சொல்பவரையும், காவல் நிலையத்துக்கு இழுப்பார்கள் என்று அச்சுறுத்துபவரையும் ஒருசேர ஒதுக்கிவிட்டுச் சட்டத்தை நீங்களே படித்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் கவனத்தில் கொள்ள வேண்டும். நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒருவர் வீட்டில் நாள்தோறும் பிள்ளைகளைக் கூட்டி, கட்டணம் வாங்கி, ஆசிரியரை அமர்த்தினால், அது அங்கீகாரம் பெறாத பள்ளியாகக் கருதப்பட இடமுண்டு. அப்படி நடத்துவோருக்கு 18-ஆவது பிரிவின்படி 1 லட்சம் ரூபாய்வரை அபராதமும், தொடர்ந்தால் நாளொன்றுக்கு 10,000 ரூபாயும் விதிக்கலாம்.

தேர்வுகளைப் பொறுத்தவரை, திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் அடிப்படைக் கல்வியில் 3, 5, 8-ஆம் வகுப்புகளுக்கு இணையான மூன்று படிநிலைகள் உள்ளன. 14 வயது நிறைந்தவர் நேராகப் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். தமிழ்நாடு அரசுத் தேர்வுத் துறை நடத்தும் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வை 12½ வயது நிறைந்தவர் எழுதலாம். ஐந்து வயதுக் குழந்தையின் பெற்றோர் இவற்றை நினைத்து இப்போதே தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கரும்பலகை (விருதுநகர் மாவட்டம்)

நான் அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியர். இந்த இழையை அக்கறையோடு படித்தேன். மறுப்பையும் அதே அக்கறையோடு வைக்கிறேன். வீட்டில் கைவேலை கற்றல் என்று ஒருவர் எழுதும்போது தமிழ்நாட்டில் 1953 நினைவுக்கு வராமல் போகாது. அந்த ஆண்டில் ராஜாஜியின் அரசு கிராமத் தொடக்கப் பள்ளிகளின் வகுப்பு நேரத்தை நாளுக்கு மூன்று மணி நேரமாகக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றது. குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் அதற்குப் பெயரிட்டார்கள். பெரியார் கடுமையாக எதிர்த்தார். 1954-ல் காமராசர் முதல்வரானபின் அது கைவிடப்பட்டது. என் தந்தை அப்போது மூன்றாம் வகுப்பில் இருந்தவர். அத்திட்டம் நீடித்திருந்தால் தம் கையில் எழுதுகோலுக்குப் பதிலாகத் தம் அப்பாவின் உளிதான் இருந்திருக்கும் என்று அவர் பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறேன்.

கைத்தொழிலைக் கல்வியின் நடுவில் வைப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. 1937-ல் வார்தா மாநாட்டில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழிலை மையமாகக் கொண்டதுதான். ஆனால் அங்கே எல்லார் வீட்டுப் பிள்ளைகளும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து நூற்க வேண்டும் என்பது அடிப்படை. கூரை மாறினால் பொருளும் மாறிவிடுகிறது. படித்த பெற்றோரின் பிள்ளைகள் ஒவ்வொருவராக வீட்டுக்குள் போய்விட்டால், என் வகுப்பில் எஞ்சியிருக்கும் பிள்ளைகளுக்கு யார் தோழர்கள்? உங்கள் மகளுக்கும், தன்னைப்போல் இல்லாத ஒரு குழந்தையின் அருகில் அமர்ந்து சாப்பிட்டுப் பழகும் வாய்ப்பு எங்கே கிடைக்கும்? 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் என் பிள்ளைகள் வரிசையில் அமர்ந்து உண்பதை ஒருநாள் வந்து பாருங்கள். அதே ஆண்டில் 1 முதல் 3-ஆம் வகுப்புவரை எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபின், பாட்டும் கதையும் பொம்மையும் செயல்பாடுமாகத்தான் வகுப்பு நடக்கிறது. எல்லாப் பள்ளிகளிலும் ஒரேபோல நடக்கிறது என்று உறுதி கூற மாட்டேன். உங்கள் ஊர்ப் பள்ளியில் எப்படி என்று நேரில் பார்த்தபின் முடிவெடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

தறிக்கால் (காஞ்சிபுரம்)

ஆசிரியர் ஐயா சொன்னதை நான் என் அம்மாவின் வாழ்க்கையிலிருந்து அறிவேன். பட்டுத் தறி வைத்திருந்த வீடு எங்களுடையது. சேலையின் கரையை நெய்யும்போது உடனிருந்து எடுத்துக்கொடுக்க இன்னொரு கை வேண்டும் என்பதால் அம்மாவைச் சிறு வயதிலேயே பள்ளியிலிருந்து நிறுத்திக் குழித்தறியில் தாத்தாவின் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அம்மாவின் கை நேர்த்தியைப் போல் இன்றுவரை நான் யாரிடமும் பார்க்கவில்லை. அவருக்குப் பேருந்தின் பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். ஆகவே கையால் செய்வது அழகு, அமைதி, இயற்கை என்றெல்லாம் எழுதப்படும்போது எனக்கு நெஞ்சு இறுகுகிறது. பிள்ளையின் கைக்கு வேலை கொடுப்பவர்கள், அந்த வேலை யாருக்காக நடக்கிறது என்பதை ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பனையோலை (திருச்செந்தூர் வட்டம்)

தறிக்கால் அக்கா, உங்கள் அம்மாவைப் பற்றிப் படித்தபின் உடனே பதில் எழுத மனம் வரவில்லை. எங்கள் ஊரிலும் பனையேறிகளின் பிள்ளைகள் பதநீர் காய்ச்சும் பருவத்தில் பள்ளிக்குப் போகாமல் விடிலியில் (கருப்பட்டி காய்ச்சும் குடிசையில்) அடுப்பெரித்தவர்கள்தாம். என் மாமனார் அவர்களில் ஒருவர். அதனால்தான் எங்கள் வீட்டில் இரண்டு வரம்புகளை வைத்துக்கொண்டோம். பிள்ளை செய்த பொருள் விற்பனைக்குப் போகாது. பிள்ளை எழுந்து போக நினைக்கும் கணத்தில் அந்த வேலை நிற்கும். மிச்சத்தைப் பெரியவர்கள் முடிப்போம், அல்லது அது அப்படியே கிடக்கும். ஓலைப்பெட்டி முடையும்போது என் மகள் மூலையைத் திருப்பும் இடம்வரை வந்து போய்விடுவாள். அந்தப் பெட்டி பல நாட்கள் திண்ணையில் வாய் திறந்து கிடக்கும். யாரும் அவளை அழைக்க மாட்டோம். ஒருநாள் தானாக வந்து மூலையைத் திருப்பினாள்.

எழுத்து மட்டும் இந்த வரம்புக்குள் வராது என்பது என் கருத்து. ஏழு வயதுக்குப் பிறகும் ஒரு குழந்தைக்கு வாசிப்பு பிடிபடவில்லை என்றால் பருவம் வரும் என்று சொல்லிக்கொண்டு காத்திருப்பதை நான் ஏற்க மாட்டேன். நாள்தோறும் உடன் அமர்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். அப்படியும் எழுத்துகள் குழம்பினால் அறிந்தவர்களிடம் காட்ட வேண்டும்.

புள்ளிக்கோலம் (கும்பகோணம்)

எண்ணைப் பற்றி யாரும் எழுதாததால் நான் எழுதுகிறேன். பொங்கலுக்கு முன்போ பின்போ பல்லாங்குழியை எடுங்கள். பதினான்கு குழிகள், குழிக்கு ஐந்து புளியங்கொட்டை, ஆக எழுபது. மாசி, பங்குனியில் புளி உடைத்துக் கொட்டை நீக்கும் வேலையிலேயே ஆட்டத்துக்குக் காய் சேர்ந்துவிடும். ஐந்து வயதுக் குழந்தை முதலில் ஒவ்வொன்றாக எண்ணிப் போடும். சில வாரங்களில் எந்தக் குழியில் தொடங்கினால் எங்கே முடியும் என்று கண்ணாலேயே கணிக்கும். கழித்தலும் வகுத்தலும் அங்கேயே தொடங்கிவிட்டன.

ஏழு வயதில் கோலத்துக்கு வரலாம். ஏழு புள்ளியில் தொடங்கி நான்குவரை வரும் இடைப்புள்ளிக் கோலத்தில் நடுவரிசை ஏழு, அதன் இருபுறமும் ஆறு, ஐந்து, நான்கு. மொத்தம் 37 புள்ளிகள். இதைப் பெருக்கியும் கூட்டியும் எடுக்க எத்தனை வழி உண்டு என்று என் மகனைக் கேட்டேன். ஆறு முக்கோணங்களாகப் பிரித்து, முக்கோணத்துக்கு ஆறு புள்ளி, நடுவில் ஒன்று என்று அவன் காட்டியபோது நான் அதுவரை அந்தக் கோலத்தை அப்படிப் பார்த்ததே இல்லை என்று உணர்ந்தேன். பாட்டி வீட்டில் பழைய அளவைகள் இருந்தால் அவற்றையும் கேட்டு வாங்குங்கள். எட்டு ஆழாக்கு ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால். ஒரு மூட்டை நெல்லும் ஒரு பாயும் இருந்தால் மழைநாள் முழுவதும் போகும்.

மூன்றாம் மாடி (சென்னை)

வயலும் வாசலும் இல்லாத எங்களைப் போன்றவர்களுக்கும் பருவம் உண்டு என்பதைச் சொல்லவே வந்தேன். ஐப்பசி, கார்த்திகையில் மாடியில் மழைநீரைப் பாத்திரத்தில் பிடித்து அளவுகோலால் அளந்து சுவரில் குறிக்கிறோம். மார்கழியில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கு வரும் பறவைகளைப் பார்க்கிறோம். சனவரியிலிருந்து, பங்குனி ஆமை எனப்படும் கடலாமைகள் முட்டையிடக் கரைக்கு வருகின்றன. நீலாங்கரைக் கடற்கரையில் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் இரவில் நடத்தும் நடைக்குப் போகலாம், ஆனால் அது விடியும்வரை நீளும் என்பதால் ஏழெட்டு வயதுக்குப் பிறகுதான் உகந்தது. சித்திரையில் வடகம். கூழ் பதத்தில் மாவு கிண்டி, நனைத்த துணியில் குழந்தைகள் கரண்டியால் ஊற்றும்போது வட்டமும் கிழியலுமாக வரும். வெயிலில் அவை சுருங்கி நிறம் மாறுவதை மணிக்கொருமுறை போய்ப் பார்ப்பார்கள்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். இந்த இழையில் எழுதியுள்ள வேலைகளை எல்லாம் வீட்டில் யார் செய்கிறார்கள்? நான் அப்பா. என் வீட்டில் சமையலும் வடகமும் என் பங்கு. மனைவி வேலைக்குப் போகிறார். பல வீடுகளில் வீட்டுக்கல்வி என்பது தாய் ஒருவர் தம் வேலையை விடுவதாக முடிகிறது. வேப்பம்பூ, உங்கள் வீட்டில் இதைப் பேசிவிட்டீர்களா?

வேப்பம்பூ (கோபிசெட்டிபாளையம்), இழையைத் தொடங்கியவர்

எழுதிய அனைவருக்கும் நன்றி. மூன்றாம் மாடி கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். நான் தையல் வேலை எடுத்துச் செய்கிறேன், அதை விடப்போவதில்லை. கணவர் விவசாயி என்பதால் காலை நேரம் என்னுடையது, பிற்பகல் அவருடையது என்று பிரித்திருக்கிறோம். வயலுக்குப் பிள்ளைகளோடு போவது அவர் பொறுப்பு. அறுவடை நாட்களில் இது நடக்காது என்பதும் தெரியும். அந்த வாரங்களுக்கு என் மாமியார் ஒத்துக்கொண்டிருக்கிறார்.

ஆசிரியர் ஐயா எழுப்பிய கேள்வியை நான் எளிதாகக் கடந்துவிட விரும்பவில்லை. எங்கள் தெருவில் மஞ்சள் வேகவைக்க வரும் குடும்பங்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள், அவர்கள் அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள். நாங்கள் செய்யவிருக்கும் கைவேலைகளை மாலை நான்கரை மணிக்குப் பிறகும் சனி, ஞாயிறுகளிலும் வைத்துக்கொண்டால் அவர்களும் வந்து சேரலாம். கட்டணம் இல்லை, பாட நேரமும் இல்லை; ஆகவே இருபிள்ளை அப்பா எச்சரித்த சிக்கலும் எழாது. மகளை ஏழு வயதுவரை வீட்டில் வைத்திருந்து, அந்த வயதில் ஊர்ப் பள்ளியில் சேர்ப்பதைப் பற்றி மறுபடி முடிவெடுப்பது என்பதுதான் இப்போதைக்கு எங்கள் எண்ணம். அப்போது சேர்க்கப் போனால், முதல் வகுப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று சொல்லிவிடுவார்களா என்பதுதான் எஞ்சியிருக்கும் ஐயம். பனையோலை அக்காவின் பாத்தியை இந்த ஆவணியில் போடுகிறோம். இங்கே பனை குறைவு என்றாலும் பவானி சாலையில் சில மரங்கள் உள்ளன.

கரும்பலகை (விருதுநகர் மாவட்டம்)

சகோதரி, அப்படிச் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. சட்டத்தின் 4-ஆவது பிரிவின்படி, இதுவரை பள்ளியில் சேராத குழந்தையை அதன் வயதுக்குரிய வகுப்பில்தான் சேர்க்க வேண்டும். மற்றவர்களுக்கு இணையாக வருவதற்குச் சிறப்புப் பயிற்சி பெறவும் அதற்கு உரிமை உண்டு. கல்வியாண்டின் நடுவில் வந்தாலும் சேர்க்கையை மறுக்க முடியாது. நுழைவுத் தேர்வோ நேர்காணலோ வைக்கக் கூடாது என்று 13-ஆவது பிரிவு தடுக்கிறது. வயதுச் சான்று இல்லாததால் எந்தக் குழந்தையையும் திருப்பி அனுப்பக் கூடாது என்று 14-ஆவது பிரிவு சொல்கிறது. இருந்தாலும் பிறப்புச் சான்றிதழையும் ஆதார் அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள், அலைச்சல் குறையும். மகள் வரைந்தவை, எழுதியவை, செய்தவற்றின் படங்கள் ஆகியவற்றைத் தேதியிட்டு ஒரு கோப்பில் சேர்த்து வாருங்கள். அவளை ஏற்கும் ஆசிரியருக்கு அது பேருதவியாக இருக்கும். மாலை நேரத்தில் தெருப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் எண்ணத்தை ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியரிடம் இப்போதே போய்ச் சொல்லுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை உறுப்பினர்கள். அவர்களில் ஒருவருக்குப் பாய் முடையவோ களிமண் பிசையவோ தெரிந்திருக்கும். அவரையும் மாலையில் அழையுங்கள்.